தம்பியோட முதல் ஓபி சீட்டுக்கு நாங்க பட்ட பாடு

தம்பிக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. இப்ப பரவால்ல. ஆனா அந்த முதல் சீட்டு வாங்குறதுக்குள்ள நாங்க பட்ட பாட்ட நினைச்சா இன்னும் வயிறு எரியுது, உங்க வீட்லயும் யாராவது இப்படி இருந்தா உதவுமேன்னு எழுதறேன்.

நாங்க கோத்தகிரி பக்கம். தம்பி பேர்ல கொஞ்சம் தேயிலை இருக்கு. ரெண்டு ரவுண்டு கொழுந்தே எடுக்கல, எல்லாம் முத்திப்போச்சு. கேட்டா "எடுக்கலாம்க்கா"ம்பான், அப்படியே கம்பளிய இழுத்து மூடிப்பான். சித்தப்பா வந்து "ஆம்பளப் பையன், மனச தைரியமா வச்சுக்க"ன்னு சொல்லிட்டுப் போனார், அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்ல. நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா கேக்குறவனுக்கு 'தப்பு உன் மேலதான்'னு விழுது. தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

ரொம்ப கெஞ்சி ஊட்டில ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். நல்ல மழை. கவுண்டர்ல இருந்தவர் எந்த டாக்டர்னு கேட்டார், மெதுவா சொன்னேன். "மெண்டல் டாக்டரா? யாருக்கு, இவருக்கா?"ன்னு கியூவே திரும்பிப் பாக்குற மாதிரி சத்தமா கேட்டார். தம்பி மப்ளர மூக்கு வரைக்கும் ஏத்திக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போயிட்டான், பஸ் ஸ்டாண்டுலதான் புடிச்சேன். ரெண்டாவது தடவ போனா டாக்டர் அன்னிக்கு லீவு, அத சொல்லக்கூட அரைமணி நேரம் நிக்க வச்சாங்க.

அன்னிக்கு ராத்திரி 14416க்கு போன் போட்டேன். டெலி மானஸ்னு மனநல உதவிக்கான கவர்மெண்ட் நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசினாங்க. அந்தம்மா முதல்ல கேட்டதே "உயிர விட்டுடலாம்னு ஏதாவது சொல்றாராம்மா, நீங்க கேட்டீங்களா?"ன்னுதான். எனக்கு கை நடுங்கிடுச்சு, கேட்டா அந்த நினைப்பு வந்துருமோன்னு பயந்தேன், கேக்குறதால அப்படி வராதும்மா, நேராவே கேளுங்கன்னாங்க. அடுப்பு பக்கத்துல உக்கார வச்சு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "அப்பப்ப தோணுதுக்கா"ன்னான். அதுக்கப்புறம் தோட்டத்து மருந்தெல்லாம் எடுத்துட்டுப் போய் பக்கத்து வீட்ல வச்சுப் பூட்டினோம், ராத்திரில அவன தனியா விடல.

மூணாவது தடவ அவன பஸ் ஸ்டாண்டு டீக்கடைல உக்கார வச்சுட்டு நான் மட்டும் போய் கியூல நின்னேன். சீட்டு கைக்கு வந்ததும் டாக்டர் ரூமு எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் அவனக் கூப்பிட்டேன். டாக்டர் தங்கமான மனுஷன், பொறுமையா கேட்டார், தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், மாத்திரை குடுத்தார்.

இனிமேதான் கவனமா இருக்கணும். மாத்திரை போட்ட அன்னிக்கே எதுவும் மாறாது, ரெண்டு மூணு வாரமாவது ஆகும், ஆனா குமட்டல் மட்டும் சிலருக்கு முதல் வாரமே வந்துரும். தம்பி ஆறாவது நாள் நிறுத்துறேன்னான். டாக்டர்கிட்ட கேட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தோம், குறைஞ்சுது. நல்லாயிட்டோம்னு நாமளா நிறுத்தவும் கூடாது, அதுக்கப்புறமும் பல மாசம் போடணும், நிறுத்தும்போது டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். சீட்ட உடனே போட்டோ எடுத்துக்கோங்க, எங்களோடது மழைல ஊறி எழுத்தே அழிஞ்சுபோச்சு, மருந்துக்கடைல சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டாங்க.

வீட்ல நான் பெருசா ஒண்ணும் பண்ணல. "என்ன வேணும்"னு கேட்டா அவனுக்கு பதில் சொல்லவே தெம்பில்ல, அதனால "சுடுதண்ணி வச்சிருக்கேன், குளிக்கிறியா"ன்னு மட்டும் கேப்பேன். சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான், விட்ருவேன். அஞ்சாவது வாரம் ஒரு நாள் காலைல பாத்தா அவனே கொழுந்துப் பைய எடுத்துட்டு தோட்டத்துல நிக்கிறான். ஒரு வரிசைதான் எடுத்தான். நான் சமையக்கட்டுல நின்னு அழுதுட்டேன்.

இன்னும் எட்டு மாத்திரை இருக்கு, தீர்றதுக்குள்ள செவ்வாக்கிழமை ஊட்டிக்குப் போகணும்.