பாங்கு கேட்காத ஊரில்

கடையநல்லூரில் கடிகாரம் பார்க்கவே வேண்டாம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னால் நேரம் தெரிந்துவிடும். சிங்கப்பூருக்குக் குடிவந்ததும் முதலில் உறுத்தியது அந்தச் சத்தம் இல்லாததுதான். இங்கே 1970களிலேயே பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உள்பக்கம் திருப்பிவிட்டார்கள். பாங்கு வானொலியில் வரும். இதைச் சொன்னபோது மச்சான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உனக்குத்தான் புதுசு. இதுக்கு யாரும் இங்க சண்டை போடல," என்றார். அடுத்த அறிவுரையும் அவர் தந்ததுதான்: எதைப் பற்றியும் பேசு, மதம் இனம் என்றால் மட்டும் நாக்கை அடக்கு.

அது சும்மா சொன்னதில்லை. ஹாங் லிம் பூங்காவில் குடிமக்கள் மேடையேறிப் பேச 2000-இல் இடம் ஒதுக்கினார்கள். அங்கும் மதத்தைத் தொடக்கூடாது. காரணம் பழையது. 1950-இல் மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வழக்கு. மலாய் முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த பெண்ணை நீதிமன்றம் கத்தோலிக்கப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. கன்னிமாடத்தில் அவள் மாதா சிலை முன் இருக்கும் படத்தைப் பத்திரிகைகள் போட்டன. மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். 1964-இல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் வெடித்தது இன்னொன்று. இதையெல்லாம் பார்த்தவர்கள்தான் 1990-இல் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

நபியை யாரும் இங்கே கேலி பேச முடியாது என்று நம்மவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். சரி, சட்டம் நம் வாயையும் கட்டும் என்பதை மறந்துவிடுகிறோம். இந்தியாவிலிருந்து வந்திருந்த ஓர் இமாம் 2017-இல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் ஒரு துஆ, அதாவது வேண்டுதல், ஓதினார். யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக உதவி கேட்கும் வரி அதில் இருந்தது. குர்ஆனில் உள்ளதல்ல, ஊரில் பழகிப்போன வாசகம். காணொளி பரவியது. 4,000 வெள்ளி அபராதம், பிறகு ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மற்ற மதத் தலைவர்கள் முன்னால் அவர் மன்னிப்பும் கேட்டார். நான் வருவதற்கு முன் நடந்தது என்றாலும் லிட்டில் இந்தியா தேக்காவில் தேநீர் குடிக்கும்போது இன்றும் பேச்சு அடிபடும். காணொளியை வெளியிட்டவர் மீதுதான் பலருக்கும் கோபம். எனக்கோ, அந்த வரி இத்தனை வருஷம் நம் காதில் உறைக்காமல் போனதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் வாயைக் கட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அரசு மருத்துவமனைத் தாதியர் சீருடையோடு துடோங் எனும் முக்காடு அணிய 2021 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை, இது நாசூக்கான விஷயம், மூடிய அறையில் பேசுவோம் என்றே தள்ளிப் போனது. சட்டம் தடுப்பது வசையை. நாமோ கேள்வியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோம்.

விழுங்காத ஆள் ஒருவர் எனக்கு வாய்த்திருக்கிறார், கூட வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர். "பாய், ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? பாரிஸ்ல அந்தக் கார்ட்டூனுக்கு..." என்று ஆரம்பித்தார். நபியைக் கேலிச்சித்திரம் போட்ட ஷார்லி எப்தோ பத்திரிகை மீது 2015-இல் நடந்த தாக்குதலில் 12 பேரைச் சுட்டுக் கொன்றதைச் சொல்கிறார். கார்ட்டூன் வலித்தது உண்மை, பெற்ற தாயைத் திட்டினால் வலிக்கிற மாதிரி. ஆனால் தாயிஃப் என்ற ஊரில் தன்னைக் கல்லால் அடித்தவர்களையே அழிக்க வேண்டாம் என்றவர் நபி. அவர் பெயரில் சுட்டவன்தான் அவரை அதிகம் அவமதித்தான் என்றேன்.

அவர் விடவில்லை. "அப்ப ஊர்ல உங்க பயான் பிரசங்கத்துல கல்லைக் கும்பிடறவன்னு மைக் வச்சுப் பேசுறாங்களே, அது?"

குர்ஆன் ஆறாவது அத்தியாயம் 108-ஆவது வசனத்தைச் சொன்னேன்: அல்லாஹ் அல்லாமல் அவர்கள் அழைப்பவற்றைத் திட்டாதீர்கள், அறியாமையால் அவர்கள் வரம்பு மீறி அல்லாஹ்வைத் திட்டுவார்கள். அவர் தே தாரிக்கை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட சொல்லுங்க பாய்," என்றார்.

சொன்னேன். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "இங்க ஜும்ஆ குத்பா பிரசங்கமே முயிஸ்லேருந்து, அதான் இஸ்லாமிய சமய மன்றத்துலேருந்து, எழுதி வருது தம்பி. லீவுக்கு ஊருக்குப் போவியே, அங்க போய்ச் சொல்லு."