வலையிறகு வண்டுகளில் புதிய இனம்: நிறத்தை நம்பாமல் பிரித்தறிவது எப்படி

ஒரே புதரில் பத்து வண்டுகள் கிடைக்கின்றன. பத்துக்கும் முன்பாதி செங்காவி, பின்பாதி கறுப்பு. பத்தையும் ஒரே குப்பியில் போட்டு ஒரே பெயரை எழுதினால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். வலையிறகு வண்டுகள் எனப்படும் லைசிடே குடும்பத்து வண்டுகளுக்குக் கடும் நெடியும் கசப்பும் உண்டு. அவற்றின் நிறம் பறவைகளுக்கான எச்சரிக்கை. ஓரிடத்தில் வாழும் பல இனங்கள் ஒரே எச்சரிக்கையைப் பகிர்ந்துகொண்டால், பறவை ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு மற்றதையும் விட்டுவிடும். அதனால்தான் உறவில் தள்ளி நிற்கும் இனங்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. ஒரே இனம் பல உடுப்பில் திரிவதும் உண்டு: நியூ கினி மலைகளின் எனிக்லேசஸ் பேரினத்தில் ஓரினத்துக்குள்ளேயே பல நிற வடிவங்கள் பதிவாகியுள்ளன. முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ இந்தக் குடும்பத்தை எடுப்பவர்கள் நிறத்தை முழுமையாகக் குறித்துவையுங்கள். ஆனால் அதை வைத்து இனம் பிரிக்காதீர்கள்.

பேரினத்தைக் கண்டுபிடிக்க முன்னிறகையும், தலைக்குப் பின்னால் உள்ள முன்மார்புத் தகட்டையும் பாருங்கள். முன்னிறகு வரப்பு போட்ட வயல் போல இருக்கும். நீளவாக்கில் ஓடும் மேடுகள் வரப்புகள், குறுக்கு மேடுகள் பிரிக்கும் அறைகள் பாத்திகள். காட்டைரிஸ் என்ற பேரினத்தில் ஒவ்வொரு முன்னிறகிலும் 9 நீள்மேடுகள். சைலோபேனஸில் பலமாகத் தெரிவது 4 மட்டுமே. இரண்டிலும் முன்மார்புத் தகடு 7 அறைகளாகப் பிரிந்திருக்கும். பிளாட்டெரோஸின் தகட்டில் அறைகளே இல்லை. லைக்கோஸ்டோமஸின் முகம் மூக்கு போல நீண்டிருக்கும். ஆனால் மேடுகளும் அறைகளும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே குறைந்துபோயிருக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. அவற்றை மட்டும் எண்ணிப் பேரினத்தை முடிவு கட்டினால் தவறு நேரும்.

இனத்தை உறுதிசெய்வது ஆண் இனவுறுப்பு. பிளாட்டெரோஸ் போன்ற பெரிய பேரினத்தில் அதைப் பிரித்தெடுக்காமல் பெயர் சொல்வது ஊகம்தான். உலர்ந்த மாதிரியைச் சுடுநீரில் சில நிமிடம் வைத்து இளக்குங்கள். வயிற்றின் கடைசி இரண்டு மூன்று கண்டங்களை நுண்ணிய இடுக்கியால் விடுவித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதாவது 100 மில்லி கரைசலுக்கு 10 கிராம், போடுங்கள். குப்பியை வெந்நீரில் நிறுத்தினால் போதும். கரைசலைக் கொதிக்கவிட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இவ்வண்டுகளின் உடல் மென்மையானது. தரைவண்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதற்கும் கொடுத்தால் உறுப்பு வெளுத்து, ஓரக்கோடே தெரியாமல் போகும். தசை கண்ணாடிபோல் ஆனதும் நீரில் அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் காரத்தை முறித்து, கிளிசரினுக்கு மாற்றுங்கள்.

அடுத்த தவறு பார்க்கும் கோணத்தில் நேர்கிறது. ஆண் உறுப்பின் நடுப்பகுதியான நடுமடல் வளைந்த குழாய். சற்றே புரண்டாலும் அகன்ற நுனி குறுகியதாகத் தெரியும். கோணம் மாறிய இரண்டு படங்களை ஒப்பிட்டு இரண்டு இனம் என்று எழுதியவர்கள் உண்டு. உறுப்பை நீரில் அலசி, கைகழுவும் சானிடைசர் ஜெல்லில் பதித்தால் அசையாமல் நிற்கும். கீழ்ப்புறம், பக்கவாட்டு, மேற்புறம் மூன்றையும் எல்லா இனங்களுக்கும் ஒரே நிலையில் படமெடுங்கள். காட்டைரிஸிலும் அதன் உறவுகளிலும் நடுமடலை ஒட்டிய பக்கமடல்கள் கிடையாது. அதனால் நடுமடலின் நுனியும், அதனுள் மடிந்திருக்கும் உட்பையில் உள்ள முட்களும்தான் பேசும். உட்பை வெளியே பிதுங்கியிருந்தால் முட்களின் இடம் மாறித் தெரியும். இடத்தைவிட வடிவத்தை நம்புங்கள். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த, இன்னும் இறுகாத ஆணின் உறுப்பு மடங்கியிருக்கும். அதை ஒப்பீட்டுக்கு எடுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் உறுப்பு வண்டு குத்தியிருக்கும் அதே ஊசியில், சிறு கிளிசரின் குப்பியிலோ அட்டையிலோ இருக்க வேண்டும். தனிப் பெட்டிக்குப் போன உறுப்பு பெரும்பாலும் அநாதையாகிவிடும்.

அளவுகளில் இக்குடும்பத்து ஆய்வாளர்கள் வழக்கமாகத் தருபவை: உடல் நீளம், தோள் அகலம், முன்மார்புத் தகட்டின் நடுக்கோட்டு நீளம், அதன் உச்ச அகலம், பக்கவாட்டில் கண்ணின் உச்ச விட்டம், இரு கண்களுக்கிடையே குறைந்த தூரம். கடைசி இரண்டின் விகிதம் மிகவும் பயன்படும். தகட்டை அளக்கும்போது அது கிடைமட்டமாக இருக்கட்டும். தலை தொங்கிய மாதிரியில் நீளம் குறைவாகவே வரும். கண் விகிதத்தை ஆணோடு ஆணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், ஏனெனில் ஆணின் கண் பெரியது. உணர்கொம்பும் அப்படித்தான்: பல காட்டைரிஸ் இனங்களில் ஆணுக்கு விசிறிபோல் கிளைத்திருக்கும், பெண்ணுக்கு ரம்பப்பல் மட்டுமே. மரபணு ஒத்துப்போகாமல் பெண்ணை ஆணோடு சேர்க்க வேண்டாம்.

சேகரிக்கும்போதே சிலவற்றை 96 சதவீத எத்தனாலில் இடுங்கள். அதில் சிவப்பு வெளிறும், ஆகவே நிறத்தை முன்னதாகவே படமெடுத்துவிடுங்கள். காக்ஸ்1 மரபணுவின் 658 கார இணைகள் கொண்ட, இனங்களை ஒப்பிடப் பயன்படும் பார்கோடு துண்டுக்கு ஒரு கால் போதும். ஆனால் இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் புதிய இனம் என்ற ஒரே கணக்கு இங்கே செல்லாது. இவ்வண்டுகள் தூரம் பறப்பதில்லை. சில கிளைகளில் பெண் இறக்கையில்லாமல் புழு வடிவிலேயே நின்றுவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள லைரோபீயஸ் அத்தகைய கிளை. அடுத்தடுத்த மலைகளில் உள்ள கூட்டங்களுக்கிடையே மரபணு தூரம் பெரிதாகவே இருக்கும். அந்தத் தூரத்தோடு உறுப்பின் வடிவமும் மாறியிருந்தால் மட்டுமே பெயர் வையுங்கள்.

பழைய பெயர்களோடு ஒப்பிடாத விவரிப்பு அடுத்தவருக்குச் சுமை. கிளைன், பிக், வாட்டர்ஹவுஸ், பூர்ஷ்வா போன்ற பழைய ஆய்வாளர்கள் பெயரிட்ட இனங்கள் ஏராளம். பிக்கின் விவரிப்புகள் பல சில வரிகளே, அதுவும் நிறத்தைப் பற்றியே. எனவே நூலைப் படித்தால் போதாது, அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியின், அதாவது வகை மாதிரியின், ஆண் உறுப்பைப் பார்த்தாக வேண்டும். பிக்கின் மாதிரிகள் பாரிஸ் அருங்காட்சியகத்திலும் வாட்டர்ஹவுஸுடையவை லண்டனிலும் உள்ளன. வகை மாதிரி பெண்ணாக இருந்தால், அது கிடைத்த அதே இடத்தின் ஆண்களைத் தேடுவதே நேர்வழி.

எழுதும்போது விவரிப்பைவிட வேறுபாட்டுக் குறிப்புக்கு உழையுங்கள். “நிறத்தாலும் சிறிய உடலாலும் வேறுபடுகிறது” என்பது யாருக்கும் உதவாது. “நடுமடல் நுனி முட்டை வடிவில் அகன்றது, நெருங்கிய இனத்தில் அது கூர்மையானது” என்று இன்ன இனத்தோடு பெயர் சொல்லி ஒப்பிடுங்கள். இனங்காணல் திறவுகோலில் நிறத்தை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். ஒரே ஓர் ஆண் மட்டும் கையில் இருந்தால், உறுப்பு ஐயத்துக்கு இடமின்றி வேறாக இருந்தாலொழிய அடுத்த பருவம்வரை பொறுப்பது நல்லது.

ஹோலோடைப்பாக, அதாவது பெயரைத் தாங்கும் ஒரே வகை மாதிரியாக, ஓர் ஆணை வெளிப்படையாக அறிவித்து, அது வைக்கப்படும் இடத்தைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். 1999க்குப் பின் வெளியாகும் பெயர்களுக்கு வகை மாதிரியைக் குறிப்பதும் அதன் இடத்தைச் சொல்வதும் விலங்குப் பெயரிடல் விதிப்படி கட்டாயம். மின்னிதழ் மட்டுமானால், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் அதற்கான சான்றும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். இந்திய மாதிரி என்றால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, புதிய இனத்தைக் குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய களஞ்சியம். கட்டுரையை அனுப்பும் முன்பே அங்கிருந்து பதிவெண்ணைப் பெற்று, ஹோலோடைப்பின் சிவப்புச் சீட்டிலும் கட்டுரையிலும் அதே எண்ணை எழுதுங்கள்.