கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம்: முதலில் இடம், அப்புறம்தான் மற்றது

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கும் எங்கள் கிளை நூலகம் வாடகை வீட்டில் ஓடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை வந்தால் நாவல் அலமாரியைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டு, மேலே தார்ப்பாய் போர்த்துவோம். வாசகர் வட்டம் சார்பில் மனு மேல் மனு கொடுத்தும் ஒன்றும் நகரவில்லை.

ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: "மனுவை யாருப்பா எண்ணுறாங்க? இடம் யார் பேர்ல இருக்கு, தினம் எத்தனை பேர் வராங்க, அதைத்தான் முதல்ல கேப்பாங்க." வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத்தான் போகிறது. ஆனால் அதை நம்பி நிற்கும் கிளைகள் எத்தனையோ!

வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் யாரும் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. நிரம்பி வழியும் நூலகம், கணக்கில் காலியாகக் கிடந்தது. "பேப்பர் பாக்கறதுக்கு என்னத்துக்குக் கையெழுத்து?" என்றார் ஒரு தாத்தா. "உங்க பேத்தி குரூப் 4 படிக்க நல்ல மேசை வரணும்ல தாத்தா" என்றேன். அதற்கப்புறம் மற்றவர்களையும் அவரே அதட்டிப் போட வைத்தார்.

இடம்தான் பெரும்பாடு. முதலில் பார்த்தது ஓடைப் புறம்போக்கு. நீர்நிலை என்பதால் கிடைக்காது. ஊருக்கு வெளியே ஒருவர் இலவசமாகவே தர முன்வந்தார். சாயங்காலம் பெண் பிள்ளைகள் தனியாக நடந்து வர முடியாத இடம் அது, வேண்டாம் என்றோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடைசியில் பள்ளிக்குப் பின்னால் நத்தம் புறம்போக்கு. ஊராட்சித் தீர்மானம், விஏஓ அறிக்கை, சர்வேயர் அளவு, தாலுகா ஆபீஸ் என்று கோப்பு ஊர்ந்து போய், நிலம் நூலகத் துறைக்கு வந்தது.

ஒரு வருத்தம் உண்டு. இடம் தயாராக வைத்திருக்கும் ஊர் முந்திக்கொள்கிறது. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலையூர்களுக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய யார் இருக்கிறார்கள்? தேவையைப் பார்த்து வரிசை போட்டால், அவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

இப்போது கட்டடத்துக்கான செலவு மதிப்பீடு தயாராகிறது. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு தரும் என்பதால் அதற்கும் வசூல் தொடங்கிவிட்டோம். வரைபடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.