மூளிக்காதுடன் ஆறு மாதங்கள்

காது தைத்துக்கொள்ள முக்கால் மணி நேரம்தான் ஆனது. வலியும் மரத்துப்போகும் ஊசி ஏறிய அரை நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக ஆறு மாதங்கள் தோடில்லாமல் நடமாடியதுதான் பெரும்பாடு. கிழிந்த காதைக் கூந்தலால் மறைத்துக்கொண்டு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு, நான் பட்ட அலைச்சலில் பாதியாவது குறையட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் காது ஒரே நாளில் கிழிந்ததன்று. திருமணத்துக்குப் போட்ட ஜிமிக்கியை இருபது ஆண்டுகளாக எல்லா விசேஷத்துக்கும் மாட்டியதில் துளை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நெல்மணி போல நீண்டு, தோட்டின் முகம் கவிழ்ந்து தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மாட்டல் போட்டிருந்தால் பாரத்தில் பாதியைக் கூந்தல் தாங்கியிருக்கும். அது பழைய பாணி என்று கழற்றி வைத்தவள் நானேதான். மாசி மாதத்தில் ஒரு காலை, தலை துவட்டிய துண்டின் நூலில் தோடு சிக்கியது தெரியாமல் இழுத்துவிட்டேன். இடது காது அடிவரை இரண்டாகப் பிளந்தது. வலது காதில் நூலளவு சதைதான் எஞ்சியிருந்தது.

மருத்துவரிடம் போகாமல், ‘தையல் இல்லாமல் காது ஒட்டித் தரப்படும்’ என்று பலகை மாட்டியிருந்த அழகு நிலையம் ஒன்றுக்குப் போனதுதான் என் முதல் தவறு. காதுக்கு 800 ரூபாய். ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பிளவின் இரு ஓரங்களிலும் தடவிச் சேர்த்துப் பிடித்துக் காகித பிளாஸ்திரி ஒட்டினார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, “கம்பெனி மருந்து” என்று பதில் வந்தது. அன்றிரவு முழுவதும் எரிச்சல். எட்டாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தபோது இடது காது முன்பிருந்தபடியே திறந்துகொண்டது; ஓரங்கள் மட்டும் கருகிப் பொருக்குத் தட்டியிருந்தன.

பின்னர் பார்த்த மருத்துவர் இதை விளக்கினார். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் போன்றவற்றைத் தடவி நீண்ட துளையைச் சுருக்குவது தோல் மருத்துவர்களில் சிலர் கையாளும் முறைதான். ஆனால் விளிம்பு வரை பிளந்த காதுக்கு அது உதவாது. பல ஆண்டுகளாக நீண்டு வந்த துளையின் உட்புறம் முழுவதும் தோல் மூடி வளர்ந்திருக்கும் என்பதால், அந்தத் தோலைச் சீவி எடுத்துப் பச்சைப் புண்ணாக்கிய பிறகு தைத்தால்தான் இரு பக்கமும் கூடும். இந்த விளக்கம் எனக்குக் கிடைத்தபோது 1,600 ரூபாய் போயிருந்தது. அமிலம் சுட்ட புண் ஆறுவதற்காகச் சித்திரை வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனால், பிளாஸ்டிக் சர்ஜன் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருவார் என்று தெரிந்தது. வந்ததற்குப் பதிவையாவது முடித்துக்கொள்வோம் என்று வரிசையில் நின்றேன். அன்று நான் சுடிதாரில் இருந்தேன்; தாலி உள்ளே கிடந்தது; பொட்டு சிறியது. வரவேற்பில் இருந்த இளம்பெண் கணவர் பெயரைக் கேட்டார், சொன்னேன். என் காதைப் பார்த்தார், எதையோ தட்டினார், அட்டையை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உங்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை, அந்த அட்டையை அங்கேயே நின்று வாசியுங்கள் என்பதுதான்.

அடுத்த செவ்வாயன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு காலை பத்து மணிக்கு முறை கிடைத்திருந்தது. துணைக்கு வருபவர் கையொப்பமிட வேண்டும் என்றதால் கணவரும் வந்திருந்தார். செவிலியர் கணினித் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். “இதுல விதவைன்னுல்லா போட்டிருக்கு. இவரு யாரு?” என்றார். “அந்தக் காலஞ்சென்றவர் நான்தாம்மா” என்றார் என் கணவர். செவிலியர் சிரித்துவிட்டார். காசாளர் சிரிக்கவில்லை, பதிவு ஒன்றாகவும் கையொப்பமிடுபவரின் உறவு வேறொன்றாகவும் இருந்தால் பில் போட முடியாது, மேலாளர்தான் திருத்த வேண்டும், அவர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றார். பதினொன்றரைக்கு வந்த மேலாளர் என் ஆதார் அட்டையையும் கணவரின் ஆதார் அட்டையையும் நகலெடுத்து வரச் சொன்னார். நகலெடுக்கும் கடை எதிர்ச்சாலையில் இருந்தது. எல்லாம் முடிந்தபோது என் முறை போய், மூன்று பேருக்குப் பின்னால் நின்றேன்.

பதிவு செய்த பெண்ணிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. “காதுல ஒண்ணுமே இல்லியா, கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நானே போட்டுட்டேன்க்கா” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என்னைப் புண்படுத்தக் கூடாது என்றே என் கணவரைக் கொன்றிருக்கிறார். காது தைக்க வந்தவளின் காதில் தோடு எப்படி இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நான் தமிழாசிரியை. கோவலன் பிரிந்தபின் கண்ணகி குழையைத் துறந்து வெறுங்காதோடு இருந்ததைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், அது பழங்காலத்து அடையாளம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

காப்பீட்டு மேசையில் பேசியதை நீட்டி எழுதத் தேவையில்லை. அழகுக்காகச் செய்துகொள்வதற்குப் பணம் கிடையாது என்றார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து 9,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம்.

சிகிச்சையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. காதுமடலை மட்டும் மரத்துப்போகச் செய்வதால் பேசிக்கொண்டே படுத்திருக்கலாம். ஆனால் இரண்டு செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நூலளவு சதை எஞ்சியிருந்த வலது காதையும் மருத்துவர் முழுவதுமாக வெட்டிவிட்டுத்தான் தைத்தார். அப்போதுதான் விளிம்பு சீராக வருமாம். இதைச் சொல்லாமல் செய்திருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். இரண்டாவது, நேர்கோட்டில் தைத்தால் தழும்பு சுருங்கும்போது காதின் அடி விளிம்பில் ஒரு பள்ளம் விழக்கூடும் என்பதால், ஆங்கில இசட் எழுத்தைப் போல வளைத்து வெட்டித் தைக்கும் முறை உண்டு. என் மருத்துவர் அதைத்தான் செய்தார். எப்படித் தைப்பீர்கள் என்று நீங்களும் கேட்டுவிடுங்கள். முன்பு ஏதேனும் காயத் தழும்பு தடித்துப் புடைத்து வளர்ந்திருந்தால், அதைக் கட்டாயம் காட்டுங்கள். அப்படிப்பட்ட உடம்புவாகு உள்ளவர்களுக்குக் காதுமடலிலும் தழும்பு தடிக்கக்கூடும். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்துக் குத்தலாம் என்றார் மருத்துவர். அதுவரை அழுத்திப் பிடிக்கும் கிளிப் தோடுகூடக் கூடாது.

அந்த மூன்று மாதங்களைப் பற்றி எந்த மருத்துவரும் எச்சரிப்பதில்லை. ஆசிரியர் அறையில் இரண்டு பேர், வீட்டில் ஏதாவது பணமுடையா என்று தனித்தனியே கேட்டார்கள். தோடு அடகுக்குப் போயிருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “டீச்சர், மதம் மாறிட்டீங்களா?” என்றாள். நகை அணியாத சபையைச் சேர்ந்த குடும்பங்கள் அவள் தெருவில் உண்டு. ஒரே காதை அவரவர் அறிந்த வகையில் படித்தார்கள். மாமியார் மட்டும் எதையும் சுற்றி வளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், “மூளிக்காதோட நிக்காத, தலையில முக்காடு போட்டுக்கோ” என்றார்.

என் ஆச்சி பாம்படம் போட்டவர். சிறுவயதில் காது குத்தி, பனையோலைச் சுருளைச் செருகித் துளையைப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை வடித்த காது அவருக்கு. வடிக்காத காதுள்ள பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆளில்லை என்று அவர் காலத்தில் பேசினார்களாம். அவருடைய தங்கை, மகன் வேலை பார்த்த சென்னைக்குக் குடிபோகும் முன் வடிகாதை அறுத்துத் தைத்துச் சின்னத் தோடு போட்டுக்கொண்டார். ஊரில் ‘காதறுத்தவள்’ என்றார்கள், சென்னையில் ‘நாகரிகமாக இருக்கிறார்’ என்றார்கள். ஆச்சி கடைசிவரை பாம்படத்தைக் கழற்றவில்லை. பேருந்தில் பிள்ளைகள் உற்றுப் பார்த்தால், தொட்டுப் பார்க்கச் சொல்லுவார்.

என் அம்மா அப்படியில்லை. அப்பா இறந்த பதினாறாம் நாள் பெரியவர்கள் சொன்னபடி தோட்டைக் கழற்றியவர், பன்னிரண்டு ஆண்டுகளாக மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. சித்திரையில் என்னைப் பார்க்க வந்தவர், தையலை ஆராய்ந்துவிட்டு, “கண்ணாடியில பாத்தா நான் மாதிரியே இருக்கே, சீக்கிரம் குத்திரு” என்றார். அவர் காதில் தோடு இல்லாததை நான் பார்க்காமலே பழகியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வைகாசிக் கடைசியில் நாத்தனார் மகள் திருமணம். ஆரத்தி எடுக்கச் சுமங்கலிகளை அழைத்த தூரத்து உறவுக்கார அத்தை ஒருவர், என் காதைக் கண்டதும் கையிலிருந்த தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார். நாத்தனார் உடனே, “மதினிக்குக் காதுலதான் தையல், எங்க அண்ணன் அந்தா பந்தியில நிக்காரு” என்று சத்தமாகச் சொல்லித் தட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது. பிற்பகலில் அவருடைய மகள் ஒரு யோசனை சொன்னாள்: கல் வைத்த ஒட்டுப்பொட்டு இரண்டைக் காதில் ஒட்டிக்கொள்ளலாம். தழும்பில் படாமல் சற்று மேலே ஒட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் வைரத்தோடுதான். புகைப்படம் எடுத்து முடியும்வரை இரண்டும் இருந்தன. பந்தியில் ஒன்று பாயசத்தில் விழுந்துவிட்டது. அவசரத்துக்கு உதவும் உபாயம்தான், வியர்க்காத இடத்தில் செய்யுங்கள்.

இதற்கிடையில் மே மாதம் மகள் நீட் தேர்வு எழுதினாள். தோடு, மூக்குத்தி எதுவும் கூடாது என்பதால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டாள். மாமியார் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விபூதி பூசி அனுப்பினார்.

மூன்று மாதம் முடிந்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் காது குத்தக் கூடாது என்று மாமியார் உறுதியாக நின்றதால் இன்னும் ஒரு மாதம். ஆவணியில் முதலில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். தையல் போட்ட காதுக்குக் காது குத்தும் துப்பாக்கியை வைக்க மாட்டோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையில் தன் வேலையின் எல்லை தெரிந்தவர்கள் அவர்கள்தான். மறுபடி அதே மருத்துவரிடம் போனேன். தழும்பின்மேல் குத்தினால் மீண்டும் கிழியும் என்பதால், அதற்கு அருகில் நல்ல சதையாக உள்ள இடத்தைப் பேனாவால் குறித்தார். குறித்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். என் வலக் காதின் புள்ளி சற்றுத் தாழ்ந்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன், அழித்துவிட்டு மறுபடி வைத்தார். புதுத்துளையில் முலாம் பூசிய தோடு வேண்டாம், நிக்கல் கலந்திருந்தால் அரித்துப் புண்ணாகும் என்று எச்சரித்ததால், மெல்லிய தங்க வளையத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

புறப்படும் முன் வரவேற்பில் அட்டையைக் கொடுத்து, பதிவைத் திரையில் காட்டச் சொல்லி நின்றேன். ‘திருமணமானவர்’ என்று இருந்தது. அதே பெண்தான், “கம்மல் நல்லாருக்குக்கா” என்றார். இரண்டு மாதம் துளை ஆறும்வரை இந்த வளையம்தான். ஜிமிக்கியைத் தீபாவளிக்குப் போடச் சொல்லி மாமியார் இப்போதே கேட்கிறார். பொங்கலுக்குப் பார்க்கலாம், அதுவும் மாட்டலோடுதான் என்று சொல்லியிருக்கிறேன்.