மார்கழி வெயிலில் ஒரு மாங்கன்று

2019 ஏப்ரலில் சிட்னிக்கு வந்தோம். மேற்குப் புறநகர்ப் பகுதியான டூங்காபியில் வாடகை வீடு. அந்த அக்டோபரில் நர்சரிக்குப் போய் ஓர் ஒட்டு மாங்கன்று வாங்கினேன். பழத்துக்காக இல்லை, பொங்கலுக்கு வாசலில் கட்ட மாவிலை வேண்டும் என்று. சேலத்தில் வளர்ந்தவளுக்கு மாவிலையைத் தேடி அலைவது என்பதே புதிது. கன்று கென்சிங்டன் ப்ரைட் ரகம், இங்கே பலரும் போவன் மாம்பழம் என்பார்கள். இடுப்பு உயரம் இருந்தது. வாடகை வீட்டில் மண்ணில் நட மனம் வரவில்லை; வந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலேயே மேற்குச் சுவரோரம் சிமெண்ட் தரையில் வைத்தேன். வெயில் நன்றாக விழட்டும் என்ற எண்ணம்தான்.

கத்திரி வெயில் பழகிய உடம்பு என்று இந்த ஊர்க் கோடையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. 2020 ஜனவரி 4, சனிக்கிழமை. ஊரில் மார்கழிக் குளிர். இங்கே எங்களுக்கு மேற்கே இருக்கும் பென்ரித்தில் 48.9 டிகிரி. கடற்காற்று எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து மேற்குக் காற்றுதான் அடித்தது. கதவைத் திறந்தால் செங்கல் சூளை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. வேர்வை வழிவதற்குள் காய்ந்துவிடும். வாரக்கணக்காக எரிந்த காட்டுத் தீயின் புகை வேறு. நடுப்பகலில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன்.

மறுநாள் காலை, மேற்கே பார்த்த இலையெல்லாம் பழுப்பாகிக் கிடந்தது. ஓரம் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நுனிக்குருத்து கறுத்துவிட்டது. போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்துனியா இல்லையாடி?" ஊத்தினேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒரு செடிக்கா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இந்த ஊரில் நான் முதன்முதலில் உயிரோடு வளர்த்தது அதைத்தான்.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று சாயங்காலம் வந்தவர் இலையைப் பார்க்கவே இல்லை. நேராகத் தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு கையால் சாய்த்தார்.

"பிள்ளை, நீங்களும் தூக்கிப் பாருங்கோ. தண்ணி குடிச்ச தொட்டி இப்பிடிப் பாரமில்லாமல் இருக்குமோ?"

மண்ணுக்குள் விரலை விட்டேன். ஒரு அங்குலத்துக்குக் கீழே தூளாக இருந்தது. தொட்டியில் நிரப்பும் கலவையில் பெரும்பகுதி மரப்பட்டைத் தூள். ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சாது. சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். நாம் ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடியில் ஓடிவிடும். நான் பார்த்து நிம்மதியடைந்த தண்ணீர் வேரைத் தொடவே இல்லை. அதோடு சிமெண்ட் தரையும் செங்கல் சுவரும் கறுப்புத் தொட்டியும் சேர்ந்து வேரைச் சுட்டிருக்கின்றன.

மகளைக் குளிப்பாட்டிய பழைய டப்பில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை அப்படியே உள்ளே இறக்கினோம். மண்ணிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. குமிழ் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே எடுத்தபோது இருவர் பிடித்துத்தான் தூக்க முடிந்தது.

அப்புறம் நிழல். ஊர் ஞாபகத்தில் வடக்குப் பக்கம் வைக்கலாம் என்றேன். ஐயா கையைக் காட்டி மறித்தார். இங்கே நடுப்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. கடைசியில் கிழக்குச் சுவரோரம், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வைத்தோம். தொட்டியைச் சுற்றிக் கோணிச்சாக்கு. மேல்மண்ணில் கரும்புச் சருகு மூடாக்கு, தண்டில் படாமல் சற்றுத் தள்ளி. இலை கருகியதால் தண்டில் நேராக வெயில் விழும், பட்டை வெடித்துவிடும் என்று, தண்ணீர் கலந்த வெள்ளைப் பெயிண்டைத் தண்டில் பூசினார். ஊரில் சுண்ணாம்பு அடிப்போமே, அதே வேலை.

கருகிய இலைகளைக் கிள்ளிவிடக் கை பரபரத்தது. "அவசரப்பட்டு வெட்டிப் போடாதேங்கோ. உரமும் ஒண்டும் போடாதேங்கோ" என்றார். பாதி பச்சையாக இருக்கிற இலையும் மரத்துக்குச் சோறு போடும். முழுசாகக் காய்ந்ததுகூடத் தண்டுக்கு நிழல். உரத்தில் இருக்கும் உப்பு, அடிபட்ட வேரை இன்னும் எரிக்கும். அம்மா சாணம் கரைத்து ஊற்றச் சொன்னதையும் தள்ளி வைத்தேன்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாரம் ஒருமுறை தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். நுனியில் பழுப்பு. நாலு விரற்கடை கீழே வந்தால், பட்டைக்கு அடியில் ஈரமான பச்சைக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் போதும்.

வறட்சியால் டிசம்பரிலிருந்தே தோட்டத்துக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் விடக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு, வாளிதான். ஷவரில் வெந்நீர் வரும்வரை வீணாகப் போகும் தண்ணீரை வாளியில் பிடித்துச் சேர்த்தோம். விரல் இரண்டு கணு ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன். வாடிய செடியைக் கண்டதும் தினம் தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். குடிக்க இலை இல்லாத மரத்துக்கு அதுவும் ஆபத்து, வேர் அழுகிவிடும். அந்தப் பொங்கலுக்கு வாசலில் தோரணம் இல்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டி வானம் பிளந்தது. நான்கே நாளில் சிட்னி நகரில் ஏறக்குறைய 390 மில்லிமீட்டர். காட்டுத் தீ அணைந்ததில் ஊரே கொண்டாடியது. நான் மழையில் நனைந்துகொண்டு தொட்டியை எடுத்து, கூரைச் சார்ப்புக்குக் கீழே வைத்தேன்.

மாதக் கடைசியில் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. சந்தோஷமாக இருந்தாலும் கிள்ள வேண்டியிருந்தது. அது வேர்ச்செடியின் துளிர், அதாவது நம் ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடியினுடையது. விட்டால் ஒட்டை அமுக்கிவிடும். பத்து நாள் கழித்து, ஒட்டுக்கு மேலே, நான் பச்சைக் கோடு பார்த்த அதே இடத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று மொட்டுகள் பருத்தன. அதன்பிறகுதான் காய்ந்த நுனியை வெட்டினேன்.

ஒரு காலை மகள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, திரும்பவும் வாடிடுச்சும்மா."

போய்ப் பார்த்தேன். செம்பு நிறத்தில், மெழுகு பூசியது போன்ற பளபளப்போடு, ஏழெட்டு இலைகள் துவண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் மாந்தளிரைப் பார்த்ததே இல்லை.

"வாடலடா கண்ணு. மாந்தளிர் இப்படித்தான் தொங்கிக்கிட்டு வரும். தொட்டுப் பாரு."

ஒரு விரலால் தொட்டாள். "ஈரத்துணி மாதிரி இருக்கும்மா" என்றாள்.