எஸ்.எஸ்.எச். டனல்: தேர்வுக்குப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் போதும்

லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்.பி.ஐ.சி.-1 சான்றிதழின் 102-ஆம் தாளில் 60 கேள்விகள், 90 நிமிடம். அதில் 110.3 என்ற பகுதியில் எஸ்.எஸ்.எச். டனல் வருகிறது. வேறொரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். இணைப்பின் குறியாக்கப் பாதைக்குள் மற்ற இணைப்புகளையும் அனுப்புவதுதான் அது. பாடத்திட்டத்தில் ஒரே வரிதான். சேலத்தில் என்னோடு படித்தவர்கள் அதிகம் திணறியதும் அந்த வரியில்தான். கட்டளையை உருப்போடுவதால் வரும் வினை இது. எந்தக் கணினியில் போர்ட் (இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) திறக்கிறது? கடைசி இணைப்பை எந்தக் கணினி ஏற்படுத்துகிறது? இந்த இரண்டுக்கும் விடை சொல்லத் தெரிந்தால் மற்றவை தானாக வரும்.

எஸ்.எஸ்.எச். கட்டளையில் பெரிய எழுத்து 'எல்' போட்டு, 8080:லோக்கல்ஹோஸ்ட்:80 என்று கொடுத்து சர்வருக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8080 திறப்பது நம் கணினியில். 80-ஐத் தேடிப் போவது சர்வர். ஆகவே நடுவில் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட், சர்வர் தன்னையே குறிப்பது, நம்மை அல்ல. அந்த இடத்தில் வேறொரு டேட்டாபேஸ் கணினியின் பெயர் இருந்தால், சர்வர் வரைதான் குறியாக்கம். அதற்கு அப்பால் தகவல் டனலுக்கு வெளியே போகிறது. தேர்வுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் இது முக்கியம்.

பெரிய எழுத்து 'ஆர்' எனக்குப் புரிந்தது ஏற்காட்டில். சித்தப்பாவின் காப்பித் தோட்டக் கணக்கு இருக்கும் லினக்ஸ் கணினிக்கு மொபைல் இணையம்தான். பொது முகவரி கிடையாது, வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதா? அந்தக் கணினியிலிருந்தே என் வாடகை சர்வருக்கு 2222:லோக்கல்ஹோஸ்ட்:22 என்று 'ஆர்' டனல் போட்டேன். இப்போது 2222 திறப்பது சர்வரில். 22-ஐத் தொடுவது ஏற்காட்டுக் கணினி. சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் அறையிலிருந்து சர்வருக்குள் போய், அங்கிருந்து 2222 வழியாக மலைக்கு ஏறிவிடலாம். சர்வரின் எஸ்.எஸ்.எச். அமைப்புகளில் கேட்வேபோர்ட்ஸ் என்பதை மாற்றாதவரை அந்த 2222 சர்வருக்கு உள்ளே மட்டுமே தெரியும். அப்படியே விடுவதுதான் நல்லது. சிக்னல் போனால் டனல் செத்தும் சாகாமலும் தொங்கும்; அதற்கு சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று வையுங்கள், 60 நொடி பதில் இல்லாவிட்டால் மறுமுனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும்.

பெரிய 'டி' (D) என்றால் சாக்ஸ் பிராக்ஸி, அதாவது எந்த முகவரிக்கும் இணைப்பை சர்வர் வழியாக அனுப்பும் இடைத்தரகர்; பெரிய 'என்' என்றால் கட்டளை எதையும் ஓட்டாமல் டனல் மட்டும். சிறிய 'எல்' பயனர் பெயருக்கு. கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் மதிப்பெண் போய்விடும். 1024-க்குக் கீழான போர்ட்டைத் திறக்கப் பொதுவாக ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும்.

பழகும்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சர்வரில் வெப் சேவையை நிறுத்திவிட்டு 8080-ஐத் திறந்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' வரும்: டனல் சரி, மறுமுனையில் கேட்க ஆள் இல்லை. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி புரோஹிபிட்டட்' என்றால் பெரும்பாலும் சர்வரில் டனலை அனுமதிக்கும் அலவ்டிசிபிஃபார்வர்டிங் மூடியிருக்கிறது. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் அந்த போர்ட்டை ஏற்கெனவே வேறொன்று பிடித்திருக்கிறது.

சர்வரில் ஓடும் நிரலின் சாளரத்தை நம் திரையில் காட்டும் எக்ஸ்11 டனலும் இதே பகுதிதான். பெரிய 'எக்ஸ்' போட்டு நுழைந்து டிஸ்ப்ளே மாறியைப் பாருங்கள், வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று இருக்கும். அதாவது சர்வரில் 6010 திறந்திருக்கிறது, திரையில் வரைவது நம் கணினி. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டால், இது 'ஆர்' வகைதான் என்பது தெரிந்துவிடும்.