எந்தத் தெரு

ஜூன் 4
பதிப்பகத்திலிருந்து இன்றும் அழைப்பு வரவில்லை.

ஜூன் 7
ஆத்திகுளத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். தண்ணீர் மோட்டாரைப் போட்டுக் காட்டிக்கொண்டே வீட்டுக்கார அம்மா, "பூர்வீகம் எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். முகம் மலர்ந்து, முன்பணத்தில் பத்தாயிரம் குறைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரே நினைப்புதான். என் நாவலில் முந்நூறு பக்கம் ஒரு காவலன் சாதிவெறிக் கும்பலுக்குள் ஆள்மாறாட்டம் செய்து உலவுகிறான். அவனிடம் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஜூன் 8
எல்லோருக்கும் பொதுவானவனாக இருக்கட்டும் என்றுதான் அவனுக்கு ஊரும் தெருவும் தராமல் விட்டேன். கும்பலில் பேசப்படும் எந்தச் சொல்லும் அவனைச் சுடுவதில்லை. 1918 முதல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கும்பல்கொலைகளை விசாரிக்கப் போன வால்டர் ஒயிட் கறுப்பினத்தவர். நீலக்கண்ணும் வெளிர்நிறமும் வாய்த்ததால், வெள்ளையர் என்று நம்பிப் பேசிய ஊர்க்காரர்களின் வாயிலிருந்தே, தம் மக்கள் கொல்லப்பட்ட கதையை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். 1919இல் ஆர்கன்சாவில் விஷயம் வெளிப்பட்டு அவசரமாக ரயிலேறியபோது, வெள்ளையராக நடிக்கும் ஒருவனைப் பிடிக்கப் போகிறார்கள், வேடிக்கை பார்க்காமல் கிளம்புகிறீர்களே என்று ரயில் நடத்துநர் அவரிடமே சொன்னதாக எழுதியிருக்கிறார். என் நாயகன் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் அது வெறும் ரயில் பயணம்.

ஜூன் 11
நான் அண்ணன் என்று கூப்பிடும் மேலூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற ஏட்டு, கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தந்தார். "தம்பி, எங்க ஆளுங்க மூணு பேரு வர்றாங்க. மூணு பேருமே செத்துப் போறாங்க. ஒருத்தனாவது துப்புத் துலக்கக் கூடாதா?" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் துப்புத் துலக்கியவர் அவர். எனக்கு வாய் எழவில்லை.

ஜூன் 12
மூன்று பேர்தான். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 17
நாயகனுக்குக் காலனித் தெருவில் ஒரு வீடும் ஓர் அம்மாவும் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து எழுதுகிறேன். 1978இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கறுப்பினத் துப்பறிவாளர் ரான் ஸ்டால்வொர்த் தொலைபேசியில் பேசியே வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் உறுப்பினரானார். நேரில் போக வேண்டிய இடங்களுக்கு வெள்ளையரான சக காவலர் போனார். இங்கே தொலைபேசியிலும் முதல் கேள்வி தெருதான்.

இன்று கயிற்றுக் காட்சியை முடித்தேன். 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை தடுக்கச் சொன்னதே, மாணவர்கள் சாதியைக் காட்டக் கட்டும் அந்த வண்ணக் கயிறு. கும்பலின் தலைவன் தன் கையாலேயே நாயகனின் மணிக்கட்டில் கட்டி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்குகிறான். அவன் மீசை தோலில் உரசுகிறது. இதே நிறக் கயிறு கட்டிய கைகள்தாம் பள்ளிக்கூடக் குழாயடியிலிருந்து நாயகனைத் தள்ளிவிட்டன. கையை இழுத்துக்கொள்ள அவனால் முடியாது. பழைய நாயகனை வைத்து இதை எழுதியிருக்கவே முடியாது.

ஜூன் 21
அழைப்பு வந்தது. "பொதுவான ஆளாவே இருக்கட்டும் சார், எதுக்கு வம்பு?" என்றார் பதிப்பாசிரியர். அந்தப் 'பொது'வை நானும் எத்தனை ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். மாற்றி எழுதியதைத்தான் அனுப்புவேன் என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

ஜூன் 24
முன்பணம் கொடுக்க நாளை கடைசி நாள். "உங்க அண்ணன் வந்தா, அந்தம்மா அவரையும் எந்தத் தெருன்னு கேப்பாங்கல்ல?" என்றாள் மனைவி.

ஜூன் 25
கொடுக்கவில்லை.

ஜூன் 30
அண்ணனுடன் மேலவளவு போய்வந்தேன். தேர்தலில் வென்ற தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன், 1997இல் இதே நாளில், மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். நினைவிடத்தில் அண்ணன் எதுவும் பேசவில்லை. திரும்பும் பேருந்தில் கயிற்றுக் காட்சியை அவரிடம் கொடுத்தேன். மேலூர் வரும்வரை அவர் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை.